2005-ல் மாற்று வீரர்களை இறக்கியிருந்தால் நாம் அரங்குக்குப் போயிருப்போமா?

நீலச்சட்டை

வட அமெரிக்கப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் இந்தத் தடவை சண்டை சச்சரவில்லாமல் 2030 வரைக்கும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நல்ல விஷயம். நெடுநாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை இப்போதாவது சூடில்லாமல் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாக: 2004 செப்டம்பர் நடுவில் உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள். 2005 பிப்ரவரி 16 அன்று லீக்கின் ஆணையர் கேரி பெட்மன் சீசன் முழுவதும் ரத்து என்று அறிவித்தார். 1,230 ஆட்டங்கள் போயின. 1919-ல் விஷக்காய்ச்சல் பரவியபோது சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. அதற்கு அப்புறம் கோப்பை இல்லாத வருடம் இதுதான். கடைசி நாளில் இருந்த வித்தியாசம் என்ன தெரியுமா? ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு 42.5 மில்லியன் டாலர் உச்சவரம்பு என்றது லீக். 49 மில்லியன் என்றது சங்கம். அந்த ஆறரை மில்லியனில் ஒரு வருடம் போனது.

ரத்துக்குப் பிறகு வந்த வசந்தத்தில்தான், சங்கத்து வீரர்களுக்குப் பதிலாக வெளியாட்களை இறக்கும் மாற்று வீரர்கள் என்ற பேச்சு வெளிப்படையாகவே அடிபட்டது. பேச்சுவார்த்தை முட்டுச்சந்தில் நிற்கிறது என்று அறிவிப்பது, லீக்கின் கடைசி நிபந்தனைகளை அப்படியே அமல்படுத்துவது, சம்மதித்து வருகிறவர்களை வைத்து அக்டோபரில் ஆட்டத்தைத் தொடங்குவது. இதுதான் யோசனை. நடக்கவில்லை. ஜூலையில் உடன்பாடு வந்துவிட்டது.

நடந்திருந்தால்? நாம் போயிருக்க மாட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். அன்றைக்கு ரசிகர்களில் பெரும்பாலோர் வீரர்களைத்தான் திட்டினார்கள். சராசரிச் சம்பளம் சுமார் 1.8 மில்லியன் டாலர், இவர்களுக்கு என்ன குறை என்று கேட்டார்கள். அந்தக் கோபத்தைப் பார்த்து, யாரை இறக்கினாலும் கூட்டம் வரும் என்று சில முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். திட்டுவது வேறு. காசு கொடுத்து உள்ளே போய் உட்காருவது வேறு.


ஸ்கார்பரோ அண்ணை

தம்பி, நீர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ரொறன்ரோவில் சனம் போயிருக்கும். கட்டாயம் போயிருக்கும்.

ஏன் என்று சொல்கிறேன். மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 1967-ல். அதற்குப் பிறகு எத்தனை மோசமான அணிகளை இந்த நகரம் பார்த்தது! அரங்கு காலியாகவா கிடந்தது? சனம் ஆளைப் பார்த்து வரவில்லை, அந்த நீலச் சட்டையைப் பார்த்து வந்தது. உம்முடைய பெயரே அதுதானே.

இன்னொன்று. அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு லீஃப்ஸ் டிக்கெட் எட்டாக்கனி. நல்ல இருக்கைகள் எல்லாம் கம்பெனிகளின் கையில். பிள்ளைகள் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்து வளர்ந்தார்கள். மாற்று வீரர்கள் ஆடுகிறார்கள், டிக்கெட் அரை விலை என்று அறிவித்திருந்தால் முதல் ஆளாக நான் வரிசையில் நின்றிருப்பேன். பசித்தவனுக்குப் பழங்கஞ்சியும் அமிர்தம்தான். அந்தக் குளிர்காலத்தில் சனிக்கிழமை இரவுகளில் சி.பி.சி. தொலைக்காட்சி ஆட்டத்துக்குப் பதிலாகப் படம் போட்டுக்கொண்டிருந்ததை மறந்துவிட்டீர்களா?


பில்லி தமிழன்

அண்ணே, நான் இருக்கும் ஊரில் இந்தப் பரீட்சை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. ஹாக்கியில் இல்லை, அமெரிக்கக் கால்பந்தில்.

1987-ல் என்.எஃப்.எல். வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வார ஆட்டங்கள் ரத்து. அதற்கடுத்த மூன்று வாரங்கள் மாற்று வீரர்களை வைத்து ஆட்டம் நடத்தினார்கள். புள்ளிப்பட்டியலில் அந்த ஆட்டங்களும் கணக்கில் சேர்ந்தன. பிலடெல்பியாவில் ஈகிள்ஸ் அணி சிகாகோவை எதிர்கொண்ட அன்று பெரிய வெட்டரன்ஸ் ஸ்டேடியத்துக்கு வந்தவர்கள் 4,074 பேர். எப்போதும் அறுபதாயிரத்துக்கு மேல் கூடும் இடம். இது தொழிற்சங்க ஊர். லாரி ஓட்டுநர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வாயிலில் வந்து மறியல் செய்தார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போக ரசிகர்களுக்கே மனம் வரவில்லை.

ஆனால் வாஷிங்டனில் கதை வேறு. அந்த அணியின் மாற்று வீரர்கள் மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள். அதிலும் டாலஸுக்கு எதிரான திங்கட்கிழமை இரவு ஆட்டம். டாலஸ் பக்கம் வேலைநிறுத்தத்தை முறித்துக்கொண்டு திரும்பிவந்த நட்சத்திரங்கள் பலர் இருந்தும் 13-7 என்று தோற்றது. அந்த வருடம் வாஷிங்டன் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றபோது அந்த மாற்று வீரர்களுக்குச் சாம்பியன் மோதிரம் இல்லை, 2018-ல்தான் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்து! அதனால் "ரசிகர்கள்" என்று ஒரே பெயர் வைத்துப் பேச முடியாது. எந்த ஊர், அங்கே எத்தனை வீடுகளில் சங்க அட்டை இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.


மொன்றியல்காரி

ரசிகர்கள் போவார்களா என்று எல்லோரும் பேசுகிறீர்கள். ஆட்டம் நடக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். நான் தொழிலாளர் சட்டம் படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியூபெக்கில் 1977 முதலே வேலைநிறுத்தம், கதவடைப்பு இரண்டின்போதும் வெளியாட்களை வைத்து வேலை வாங்கத் தடை உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1993-ல் வந்தது. 2004-ல் கனடாவில் இருந்த ஆறு அணிகளில் மொன்றியல், வான்கூவர் இரண்டும் இந்த மாகாணங்களில்தான். லீக்கின் பழம்பெரும் அணியான மொன்றியலே சொந்த அரங்கில் ஆட முடியாது என்றால் அது என்ன சீசன்?

லீக் தரப்பில் ஒரு வாதம் இருந்தது: வீரர்கள் சங்கம் கியூபெக்கில் முறைப்படி சான்று பெற்ற சங்கம் இல்லை, ஆகவே அந்தச் சட்டம் பொருந்தாது என்று. சங்கம் சும்மா இருக்கவில்லை, அந்த மாகாணங்களில் அங்கீகாரம் கேட்டுப் போனது. 2012 கதவடைப்பின்போதும் மொன்றியல் கனேடியன்ஸ் வீரர்கள் கியூபெக் தொழிலாளர் வாரியத்திடம் முறையிட்டார்கள்.

அமெரிக்கப் பக்கமும் சுலபமில்லை. அங்கே முட்டுச்சந்து என்று அறிவித்தால் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அதை நம்ப வேண்டும். முதலாளி நேர்மையாகப் பேரம் பேசினாரா என்று பார்க்கும். தொழில் தகராறு நடக்கும் இடத்துக்கு வெளிநாட்டு விளையாட்டு வீரர் வந்தால் விசா மறுக்கவும் அந்நாட்டு விதிகளில் இடம் உண்டு. அன்றைக்கு என்.எச்.எல். வீரர்களில் பாதிக்கு மேல் கனடாக்காரர்கள். மாற்று வீரர்களை எங்கிருந்து பிடிப்பார்கள்?


நீலச்சட்டை

அக்கா, அருமையான விளக்கம். இதோடு 1995 பேஸ்பாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலைநிறுத்தத்தால் 1994 உலகத் தொடரே ரத்தானது. அடுத்த வசந்தத்தில் முதலாளிகள் மாற்று வீரர்களை வைத்துப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். அப்போது ஒன்ராறியோவிலும் கியூபெக் மாதிரியே தடைச் சட்டம் இருந்ததால் புளூ ஜேஸ் தன் ஆட்டங்களை புளோரிடாவில் பயிற்சி எடுக்கும் டன்னிடின் என்ற சின்ன ஊரில் நடத்தத் திட்டம் போட்டது. ரொறன்ரோ அணி ரொறன்ரோவில் ஆட முடியாத நிலை. அந்தச் சட்டத்தை அதே வருடம் புதிய மாகாண அரசு நீக்கிவிட்டது, அதனால்தான் 2005-ல் லீஃப்ஸுக்கு அந்தத் தடை இல்லை.

பால்டிமோர் உரிமையாளர் பீட்டர் ஆஞ்சலோஸ் மாற்று அணியை இறக்கவே மாட்டேன் என்று நின்றார். டெட்ராய்ட் மேலாளர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் அப்படி ஓர் அணியை நடத்த மறுத்து ஒதுங்கினார். முதலாளிகள் பக்கத்திலேயே இத்தனை வெட்கம் இருந்தது. கடைசியில் மார்ச் 31 அன்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் முதலாளிகளுக்கு எதிராகத் தடையாணை கொடுத்ததால்தான் சீசன் உண்மையான வீரர்களோடு தொடங்கியது. அப்படியும் அந்த வருடம் ஓர் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உண்மையான வீரர்கள் ஆடியே அந்தக் கதி.


திருச்சி பெவிலியன்

ஹாக்கி எனக்குப் புதுசு, டொராண்டோவுக்கு வந்த பிறகு பார்க்கத் தொடங்கியதுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு கிரிக்கெட்டில் நல்ல பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2009-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒப்பந்தத் தகராறு. முதல்தர வீரர்கள் விலகி நின்றார்கள். வாரியம் ஃபிளாய்ட் ரைஃபரைத் தலைவராக்கி ஒரு மாற்று அணியை பங்களாதேஷுக்கு எதிராக இறக்கியது. டெஸ்ட் தொடரை பங்களாதேஷ் 2-0 என்று வென்றது. வெளிநாட்டில் அவர்கள் வென்ற முதல் டெஸ்ட் தொடர் அது. வென்றவர்களின் சாதனையைக்கூட இன்றைக்கும் எதிரே நின்றது யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார்கள். பாவம் அந்த பங்களாதேஷ் பையன்கள். மாற்று அணி ஆடினால் எதிரணியின் வெற்றியும் மதிப்பிழக்கிறது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்கு முன்னால் 1977. தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் தான் நடத்திய தனித் தொடருக்கு ஆஸ்திரேலியாவின் பெரிய வீரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டார். வாரியம் ஓய்வு பெற்றிருந்த பாப் சிம்ப்சனை 41 வயதில் தலைவராகக் கொண்டுவந்து, இளைஞர்களைச் சேர்த்து இந்தியாவோடு ஆடியது. தொடர் 3-2 என்று கடைசி டெஸ்ட் வரை போனது. அந்தக் கோடையில் ரசிகர்கள் நாட்டின் தொப்பி பக்கம்தான் நின்றார்கள். பேக்கரின் ஆட்டங்களில் ஆளே இல்லை. ஆனால் அடுத்த வருடம் அதே வாரிய அணி இங்கிலாந்திடம் 5-1 என்று உதைபட்டது. பேக்கர் சிட்னியில் விளக்கொளியில் ஆட்டம் வைத்தார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ஆக, சட்டைக்காக ரசிகன் வருவான். ஒரு சீசன் வருவான். அதற்குமேல் ஆட்டம் நன்றாக இருக்க வேண்டும்.


ஸ்கார்பரோ அண்ணை

பார்த்தீரா, திருச்சித் தம்பியே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார். ஒரு சீசன் போதும் அப்பா! மாற்று வீரர்களை வைத்து முதலாளிகள் பத்து வருடம் ஓட்ட நினைக்கவில்லை. இரண்டு மூன்று மாதம் ஓட்டினால் சங்கம் உடையும் என்பதுதான் கணக்கு. 1987-ல் அதுதானே நடந்தது? மூன்றே வாரத்தில் கால்பந்து வீரர்கள் ஒப்பந்தமே இல்லாமல் வேலைக்குத் திரும்பினார்கள்.


பில்லி தமிழன்

திரும்பினார்கள், உண்மை. ஆனால் ஏன் என்று பாருங்கள் அண்ணே. என்.எஃப்.எல். முதலாளிகளின் வருமானத்தில் பெரும் பங்கு தொலைக்காட்சிப் பணம். ஸ்டேடியம் காலியாக இருந்தாலும் ஆட்டம் ஒளிபரப்பானால் போதும், கையில் காசு நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் 4,074 பேரை வைத்துக்கொண்டும் ஆடினார்கள்.

என்.எச்.எல்லுக்கு அந்த வசதி கிடையாது. 2004-ல் என்.பி.சி. தொலைக்காட்சியோடு போட்ட ஒப்பந்தத்தில் முன்பணமே இல்லை. வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதாக ஏற்பாடு. 2005-ல் விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈ.எஸ்.பி.என். 60 மில்லியன் டாலர் கொடுத்து ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்துவிட்டது. அப்படியானால் மிச்சம் இருப்பது டிக்கெட், வாகன நிறுத்தக் கட்டணம், பியர், சட்டை விற்பனை. அத்தனையும் நேரில் வரும் மனிதனை நம்பியது. நீங்கள் கேட்கும் அரை விலை டிக்கெட்டில் அரங்கை நிரப்பியிருந்தாலும் முதலாளிக்கு நட்டம்தான். லீக் அமர்த்திய ஆர்தர் லெவிட் 2004-ல் கொடுத்த அறிக்கையில் 2002-03 சீசனில் அணிகளுக்கு மொத்தம் 273 மில்லியன் டாலர் நட்டம் என்றார். சங்கம் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு. நட்டம் என்று அழுதுகொண்டே கதவடைத்தவர்கள் அதைவிடப் பெரிய நட்டத்துக்குக் கதவைத் திறப்பார்களா?


எட்மன்டன் கோலி

இத்தனை பதிவுகளில் ஒரு ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த மாற்று வீரர்.

நான் இங்கே இளைஞர் அணிகளோடு பல வருடமாக இருக்கிறேன். 26, 27 வயதில் சின்ன லீக்கில் பஸ்ஸில் சுற்றிக்கொண்டிருக்கும் பையன்களைத் தெரியும். என்.எச்.எல். வாசலை மிதிக்கவே போவதில்லை என்று அவர்களுக்கே தெரியும். அவனிடம் போய், வா, எட்மன்டன் ஆய்லர்ஸ் சட்டை போட்டுக்கொள் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் அவனைக் கருங்காலி என்று அழைக்கத் தயாரில்லை.

ஆனால் அவன் கொடுக்கும் விலை பெரிது. 1995 பேஸ்பால் மாற்று முகாமுக்குப் போன கெவின் மில்லர் பிறகு பாஸ்டன் அணியோடு 2004 உலகத் தொடரை வென்றார். அப்போதும் அவரால் வீரர்கள் சங்கத்தில் உறுப்பினராக முடியவில்லை. ரிக் ரீட் என்ற பந்து வீச்சாளர் நோயாளித் தாயின் மருத்துவச் செலவுக்காகப் போனார். உடை மாற்றும் அறையில் அவருடைய சக வீரர்கள் வருடக்கணக்கில் அதை மறக்கவில்லை. ஹாக்கியில் இன்னும் மோசமாக இருந்திருக்கும். இது ஆள் மேல் மோதும் ஆட்டம். அந்தப் பையன் அடுத்த வருடம் உண்மையான என்.எச்.எல். வீரர்கள் எதிரே வரும் ஆட்டத்தில் எப்படிப் பனியில் இறங்குவான்?

ரசிகர்கள் கைதட்டினால் அந்தக் கைதட்டலுக்கான விலையை அவன் தனியாகக் கட்டியிருப்பான். லீக்கும் கட்டாது, நாமும் கட்டமாட்டோம். நான் போயிருக்க மாட்டேன் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.


மொன்றியல்காரி

கோலி அண்ணா எழுதியதற்கு என் வணக்கம்.

சங்கம் ஏன் அவ்வளவு விடாப்பிடியாக நின்றது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். 1957-ல் டெட் லிண்ட்சே சங்கம் தொடங்க முயன்றார். டெட்ராய்ட்டின் பெரிய நட்சத்திரம் அவர். உடனே சிகாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள், அப்போது அது லீக்கின் கடைக்கோடி அணி. பிறகு ஆலன் ஈகிள்சன் தலைமையில் சங்கம் வந்தது. அவரோ முதலாளிகளோடு கைகோத்துக்கொண்டு வீரர்களையே ஏமாற்றினார். 1998-ல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். இந்த வரலாற்றைச் சுமந்துகொண்டுதான் பாப் குட்னோ தலைமையிலான சங்கம் 2004-ல் மேசைக்கு வந்தது. பணக்காரப் பையன்களின் பிடிவாதம் என்று மட்டும் அதைச் சொல்லக் கூடாது.


ஸ்கார்பரோ அண்ணை

நான் சங்கத்துக்கு எதிரி இல்லை பிள்ளை. நானும் தொழிற்சாலையில் சங்க அட்டையோடு வேலை செய்தவன்தான். ஆனால் எங்கள் மறியலுக்கு எந்த ஹாக்கி வீரரும் வந்து நின்றதில்லை. சங்கச் சகோதரத்துவம் என்று சொல்லி ரசிகனிடம் மட்டும் தியாகம் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த வருடம் 388 வீரர்கள் ஐரோப்பாவுக்கு ஆடப் போனார்கள். நட்சத்திர வீரர் யாகர் செக் நாட்டின் கிளாட்னோவிலும் பிறகு ரஷ்யாவின் ஓம்ஸ்க்கிலும், தார்ன்டனும் நேஷும் சுவிட்சர்லாந்தின் டாவோஸிலும் ஆடினார்கள். அங்கே ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பையன்களின் இடம் யாருக்குப் போனது? அதை யாராவது கருங்காலி வேலை என்று சொன்னார்களா? அரங்கைச் சுற்றி இருந்த உணவகங்களில் பரிமாறிக்கொண்டிருந்த எங்கள் சனத்துக்கு ஷிப்ட் இல்லாமல் போனது. அவர்களுக்கு ஐரோப்பா இருந்ததா?


நீலச்சட்டை

அண்ணை, இந்த இடத்தில் உங்கள் கோபம் நியாயமானது. ஐரோப்பாவில் இடம் போன பையன்களைப் பற்றி இங்கே பேசியவர்கள் மிகக் குறைவு, கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆனால் அந்த உணவகக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி விலை டிக்கெட்டோடு பாதி நிறைந்த அரங்கு இரண்டு மாதம் ஓடியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் வேலை கிடைத்திருக்கும். அதே சமயம் தகராறு இன்னொரு வருடம் இழுத்திருக்கும். நடந்தது என்ன? ஜூலையில் முடிந்தது. வீரர்கள் சம்பளத்தில் 24 விழுக்காடு வெட்டு, 39 மில்லியன் உச்சவரம்பு, எல்லாம் ஏற்றுக்கொண்டு வந்தார்கள். சங்கத்துக்குப் படுதோல்வி. அப்புறம் 2005-06-ல் அரங்குகளுக்கு வந்தவர்கள் இரண்டு கோடியே எட்டு லட்சத்துக்கும் மேல், அதுவரை எந்த சீசனிலும் இல்லாத கூட்டம். புதுப்பையன்கள் கிராஸ்பி, ஓவெச்கின், இரு கோடு தாண்டும் நீண்ட பாஸுக்கு அனுமதி, சமநிலை முறிக்க ஷூட்அவுட். மாற்று வீரர்களை அந்த அக்டோபரில் இறக்கியிருந்தால் இந்த மறுபிறப்பு நடந்திருக்காது. கிராஸ்பியை ரிமூஸ்கி இளையோர் அணியிலேயே இன்னொரு வருடம் பார்த்துக்கொண்டிருப்போம்.


பில்லி தமிழன்

2012-ஐயும் மறக்க வேண்டாம். என்.எஃப்.எல். நடுவர்களைக் கதவடைத்து மாற்று நடுவர்களை வைத்தது. சியாட்டில், கிரீன் பே ஆட்டத்தின் கடைசிப் பந்தில் தவறான தீர்ப்பு. நாடே கொதித்தது. இரண்டே நாளில் பழைய நடுவர்களோடு உடன்பாடு. ஆடுகிறவன் கொஞ்சம் சுமாராக இருந்தால் ரசிகன் பொறுப்பான். முடிவே கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் பொறுக்க மாட்டான்.


எட்மன்டன் கோலி

அண்ணையின் பசி உண்மைதான். ஆனால் அந்த வருடம் அதற்குச் சோறு வேறு இடத்தில் இருந்தது. 2005 மே மாதம் ஒன்ராறியோவின் லண்டன் நைட்ஸ் சொந்த ஊரில் கிராஸ்பியின் ரிமூஸ்கியை 4-0 என்று வென்று இளையோருக்கான மெமோரியல் கோப்பை வாங்கியதே, அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஹாக்கி இல்லாத வருடம் என்று சொல்ல மாட்டார்கள்.

கோப்பை விஷயமும் அப்படித்தான். ரொறன்ரோவில் புதன் இரவுகளில் பொழுதுபோக்காக ஆடும் சிலர், ஸ்டான்லி கோப்பை லீக்கின் சொத்து இல்லை என்று நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சமரசம் ஆனது: லீக் ஆடாத வருடத்தில் அறங்காவலர்கள் விரும்பினால் வேறு அணிக்குக் கோப்பையைக் கொடுக்கலாம்.


மொன்றியல்காரி

அன்றைய ஆளுநர் நாயகம் ஆட்ரியன் கிளார்க்சன் அதைப் பெண்கள் அணிக்குக் கொடுங்கள் என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை, பெண்களுக்கென்று தனிக் கோப்பை ஒன்றைத் தன் பெயரில் கொடுத்தார்.

அண்ணையின் கேள்விக்கு இன்றைய பதில் அங்கே இருக்கிறது. 2024 ஏப்ரலில் பெல் சென்டரில் மொன்றியலும் ரொறன்ரோவும் ஆடிய பெண்கள் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தார்கள். நானும் போயிருந்தேன், குரல் போகக் கத்தினேன். அந்த லீக் முதல் ஆட்டத்துக்கு முன்பே தன் வீராங்கனைகளின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. 2030-ல் ஆண்கள் பக்கம் மறுபடி பூட்டுப் போட்டால் நமக்கு மாற்று வீரர்கள் தேவையே இல்லை. கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியாவோடு இப்போது வினிபெக் இருக்கும் மானிடோபாவிலும் தடைச் சட்டம் வந்துவிட்டதால் கனடாவின் ஏழு அணிகளில் மூன்றுக்கு மாற்று வீரர்களை இறக்குவது சுலபமாக இருக்காது.


ஸ்கார்பரோ அண்ணை

பெண்கள் ஆட்டத்துக்கு நான் இன்னும் போகவில்லை. மகள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். டிக்கெட் என்ன விலை, பிள்ளை?


மொன்றியல்காரி

லீஃப்ஸ் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு அண்ணை. மகளோடு போய்வந்து இங்கே எழுதுங்கள்.